நிறுவனங்களில் குழந்தைகளின் பாதுகாப்பு: சட்டம் சொல்வதும் நிர்வாகம் செய்ய வேண்டியதும்

பள்ளி, விடுதி, குழந்தைகள் இல்லம், விளையாட்டுப் பயிற்சி மையம், மருத்துவமனை, வழிபாட்டு நிலையம் ஆகியவை பெற்றோரின் பார்வைக்கு அப்பால் குழந்தைகள் நெடுநேரம் இருக்கும் இடங்கள். அங்கே பணிபுரியும் பெரியவர்களுக்குக் குழந்தையின் மேல் தானாகவே ஓர் அதிகாரம் வந்து சேர்கிறது. மதிப்பெண் போடுபவர், அணியில் சேர்ப்பவர், உணவு பரிமாறுபவர், இரவில் கதவைப் பூட்டுபவர் என்று ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவோர் சிலரே. ஆனால் அப்படி ஒருவர் இருப்பது தெரிந்தும் நிர்வாகம் பேசாமல் இருந்துவிட்டால், ஒரு குழந்தைக்கு நேர்ந்த கொடுமை பல குழந்தைகளுக்குத் தொடர்கிறது. இந்தியாவில் 2012 முதல் வந்த குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்கள் குற்றவாளியைத் தண்டிப்பதோடு நிற்காமல், நிறுவனத்தின் இந்த மௌனத்தையும் குற்றமாக்கின. அவை முன்னெச்சரிக்கை, அன்றாடக் கண்காணிப்பு, தகவல் தரும் கடமை, புகாருக்குப் பிந்தைய நடைமுறை என நான்கு கட்டங்களில் செயல்படுகின்றன.

சட்டங்கள் வந்த வழி

குழந்தை உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று நிறைவேறியது. இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று அதில் இணைந்தது. பெற்றோரிடமோ வேறு எவரிடமோ பராமரிப்பில் இருக்கும் குழந்தையை எல்லா வகை வன்முறையிலிருந்தும் அரசு காக்க வேண்டும் என்று அதன் 19ஆவது உறுப்பு சொல்கிறது. குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பாதுகாப்பு, உடல்நலம், பணியாளர்களின் எண்ணிக்கை, அவர்களின் தகுதி, மேற்பார்வை ஆகியவற்றில் உரிய தரத்தைக் கடைப்பிடிப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்று 3ஆவது உறுப்பு கூறுகிறது. இந்திய அரசமைப்பின் 39(எஃப்) பிரிவும் குழந்தைப் பருவம் சுரண்டலுக்கு ஆளாகாமல் காக்கப்பட வேண்டும் என்கிறது.

இந்தக் கொள்கைகள் இருந்தும், குற்றவியல் சட்டம் நெடுங்காலம் பின்தங்கியே இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் பாலியல் வன்முறைப் பிரிவு பெண்களை மட்டுமே பாதிக்கப்பட்டவர்களாகக் கருதியது. சிறுவர்களுக்கு நேர்ந்த கொடுமைக்கு 377ஆவது பிரிவை நாட வேண்டியிருந்தது. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கோவா மாநிலம் 2003இல் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. மும்பை கொலாபா பகுதியில் வெளிநாட்டவர் நடத்திய காப்பகங்களில் சிறுவர்கள் துன்புறுத்தப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் விடுவித்தவர்களுக்கு விசாரணை நீதிமன்றம் அளித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011இல் மீண்டும் உறுதிசெய்தது. ஆதரவற்ற சிறுவர்களுக்கு அடைக்கலம் தருவதாகச் சொன்ன இடமே குற்றக் களமாக மாறியிருந்தது.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாத எவரும் இச்சட்டப்படி குழந்தையே. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்கான இளைஞர் நீதிச் சட்டம், 2015, அடுத்த ஆண்டு ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. இவ்விரண்டுமே நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் முதன்மைச் சட்டங்கள்.

பதவி இருந்தால் தண்டனை கூடும்

சாதாரண குற்றத்துக்கும் பொறுப்பில் இருப்பவர் செய்யும் குற்றத்துக்கும் போக்சோ சட்டம் வேறுபாடு காட்டுகிறது. காவலர், அரசு ஊழியர் ஆகியோருடன், கூர்நோக்கு இல்லம், பாதுகாப்பு இல்லம், மருத்துவமனை, கல்வி நிலையம், மத நிறுவனம் ஆகியவற்றின் நிர்வாகத்திலோ பணியிலோ இருப்பவர் குற்றம் செய்தால், அது 5ஆவது பிரிவின்படி கடுமையான குற்றமாகிறது. குழந்தைகளுக்குச் சேவை தரும் எந்த நிறுவனத்தின் உரிமையாளரும் ஊழியரும், குழந்தையின் நம்பிக்கைக்கு உரிய இடத்திலோ அதிகாரம் செலுத்தும் இடத்திலோ இருப்பவரும் இதே பிரிவில் அடங்குவர். ஆகவே நீச்சல் பயிற்சியாளரும், பாட்டு வாத்தியாரும், பள்ளி வேன் ஓட்டுநரும் இதற்கு வெளியே நிற்க முடியாது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், கடுமையான ஊடுருவல் பாலியல் தாக்குதலுக்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டு கடுங்காவல். அது எஞ்சிய வாழ்நாள் முழுதும் நீளும் ஆயுள் சிறையாகவோ மரண தண்டனையாகவோ கூட அமையலாம். ஊடுருவல் இல்லாத, தொடுதல் சார்ந்த தாக்குதலை வெளியார் செய்தால் 3 முதல் 5 ஆண்டு, பொறுப்பில் இருப்பவர் செய்தால் 5 முதல் 7 ஆண்டு. ஆடையின் மேல் தொட்டால் அது பாலியல் தாக்குதல் ஆகாது என்ற ஓர் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் ரத்து செய்தது. பாலியல் நோக்கமே முக்கியம், தோலோடு தோல் பட்டதா என்பது முக்கியமல்ல என்று அது தெளிவாக்கியது.

வேலைக்கு எடுக்கும்போது

தடுப்பு நடவடிக்கை வேலைக்கு ஆள் எடுக்கும் நாளிலேயே தொடங்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைகள் தங்கும் அல்லது வழக்கமாக வந்துபோகும் எல்லா நிறுவனங்களும் தம் பணியாளர்களைக் காவல்துறை மூலம் சரிபார்த்து, பின்னணியையும் விசாரிக்க வேண்டும் என்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டு அகாதமி ஆகியவற்றை விதி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆசிரியர், ஆசிரியரல்லாதோர், நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்று யாருக்கும் விலக்கு இல்லை. ஒருமுறை சரிபார்த்ததோடு விடாமல் குறிப்பிட்ட கால இடைவெளியில் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். குழந்தைப் பாதுகாப்பு குறித்த பயிற்சியும் அவ்வப்போது தரப்பட வேண்டும்.

வழக்கில் ஒருமுறையாவது சிக்கியவரின் பெயர் மட்டுமே காவல்துறைப் பதிவேட்டில் இருக்கும். புகார் எழுந்ததும் "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவைக்கப்பட்ட ஆசிரியர், அடுத்த ஊரில் சுத்தமான சான்றிதழோடு வேலைக்குச் சேர்ந்துவிடலாம். முந்தைய நிறுவனத்தின் தலைமையாசிரியரிடம் நேரில் பேசுவதும், வேலை இடையில் நின்ற காலங்களுக்குக் காரணம் கேட்பதும், தொடக்க மாதங்களில் குழந்தைகளுடன் தனித்திருக்க விடாததும் இந்த ஓட்டையை அடைக்கும் வழிகள். அதைவிட முக்கியம், புகாருக்கு ஆளானவரை விசாரணையின்றி அமைதியாக வெளியே அனுப்பாதிருப்பது.

பதிவும் ஆய்வும்

ஆதரவற்ற குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அரசு நிதி பெறுகிறதா என்பது இதில் பொருட்டல்ல. பதிவின்றி நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாவட்ட ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஒவ்வோர் இல்லத்துக்கும் நேரில் செல்ல வேண்டும். மூவருக்குக் குறையாத அந்தக் குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் கட்டாயம் இருக்க வேண்டும். அறிக்கையை ஒரு வாரத்துக்குள் தர வேண்டும். இதே சட்டப்படி அமைந்த குழந்தைகள் நலக் குழுவுக்கும் இல்லங்களை நேரில் பார்வையிடும் கடமை உண்டு.

தமிழ்நாட்டிலுள்ள அனாதை இல்லங்களில் நடந்த சுரண்டலைப் பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய ஒரு வழக்கு, பத்தாண்டுக்குப் பின் நாடு முழுமைக்குமான தீர்ப்பாக முடிந்தது. 2017 மே 5 அன்று வந்த அந்தத் தீர்ப்பு, எல்லாக் குழந்தைப் பராமரிப்பு நிறுவனங்களையும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யவும், அங்குள்ள குழந்தைகளின் விவரங்களைத் தொகுத்துவைக்கவும் உத்தரவிட்டது.

இளைஞர் நீதிச் சட்டம் சொல்லும் 'குழந்தைப் பராமரிப்பு நிறுவனம்' என்ற வரையறைக்குள் சாதாரண மாணவர் விடுதிகள் வருவதில்லை. தமிழ்நாடு தனக்கென 2014இல் இயற்றிய பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த இடைவெளியை நிரப்புகிறது. தனியார் விடுதியும் உரிய அனுமதி பெற்றே இயங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

ஆய்வுப் புத்தகத்தில் கையெழுத்து இருப்பதாலேயே குழந்தை பத்திரமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. பீகாரின் முசாஃபர்பூர் காப்பகத்தில் நடந்தவை 2018இல்தான் வெளிவந்தன. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு ஒன்று மாநிலத்தின் காப்பகங்களில் சமூகத் தணிக்கை செய்தது. குழந்தைகளுடன் உட்கார்ந்து பேசிய அந்தக் குழுவின் அறிக்கையே வழக்குக்கு அடிப்படையானது. வழக்கு டெல்லிக்கு மாற்றப்பட்டு, 2020 பிப்ரவரியில் காப்பகத்தை நடத்தியவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் குழந்தைகளைக் காக்க வேண்டிய குழந்தைகள் நலக் குழுவின் பொறுப்பாளர்களும் குழந்தைப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரும் தண்டிக்கப்பட்டவர்களில் இருந்தனர். கோப்பைப் பார்ப்பது வேறு, நிர்வாகியை வெளியே நிறுத்திவிட்டுக் குழந்தையிடம் பேசுவது வேறு என்பதை அந்த வழக்கு காட்டியது.

அடி, அவமானம், தீ

பாலியல் குற்றம் ஒன்றே ஆபத்து அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. முட்டி போட வைப்பது, வகுப்புக்கு முன்னால் சாதியையோ குடும்ப வறுமையையோ சொல்லித் திட்டுவது போன்றவையும் அந்தத் தடைக்குள் வரும். அச்சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவோ 18 வயது வரை பொருந்தும். தன் பொறுப்பிலுள்ள குழந்தையைத் தாக்குபவர், கைவிடுபவர், தேவையற்ற துன்பத்துக்கு உள்ளாக்குபவர் அதன்படி தண்டிக்கப்படுவார். குற்றம் செய்தவர் குழந்தைகளைப் பராமரிக்கும் அமைப்பின் ஊழியரோ நிர்வாகியோ என்றால், கடுங்காவல் 5 ஆண்டு வரையும் அபராதம் 5 லட்சம் ரூபாய் வரையும் உயரும். இல்லங்களில் உடல் தண்டனை தந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்யவும், குழந்தைகளோடு பணிபுரிய விடாமல் தடுக்கவும் 82ஆவது பிரிவு வழிசெய்கிறது. அந்த விசாரணைக்கு ஒத்துழைக்காத நிர்வாகப் பொறுப்பாளருக்குக் குறைந்தது 3 ஆண்டுச் சிறை.

கட்டடப் பாதுகாப்பும் குழந்தைப் பாதுகாப்பே. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியின் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். அதையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பாதுகாப்பான பள்ளியில், அச்சமின்றிக் கல்வி பெறுவது அடிப்படை உரிமையின் ஒரு பகுதி என்று அது கூறியது. தீயணைப்புக் கருவிகள், கட்டடத் தரம், ஆசிரியர்களுக்கான பயிற்சி ஆகியவற்றைப் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியது.

தெரிந்தவர் சொல்லியே ஆக வேண்டும்

போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவே நிறுவனங்களைப் பொறுத்தவரை அதன் மையம். குற்றம் நடந்தது தெரிந்தவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும், யாராக இருந்தாலும், சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர் காவல் நிலையத்துக்கோ தகவல் தர வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மேல் வழக்குத் தொடர முடியாது. தகவல் தராதவருக்கு 21ஆவது பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தன் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை மறைத்தால், ஓராண்டு வரை சிறையும் அதனுடன் அபராதமும் உண்டு. குழந்தைகளுக்கு இந்தத் தண்டனை பொருந்தாது.

இந்தப் பிரிவு நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஓர் உதாரணத்தில் காணலாம். ஒரு விடுதியில் எட்டாம் வகுப்பு மாணவி சமையல்காரம்மாவிடம், "அக்கா, வாட்ச்மேன் ராத்திரி ரூமுக்கு வர்றாரு" என்று சொல்கிறாள் எனக் கொள்வோம். சமையல்காரம்மா வார்டனிடம் சொல்கிறார். வார்டன் தாளாளரிடம் கொண்டுபோகிறார். தாளாளர் விடுதிக் குழுவைக் கூட்டி, காவலாளியை அழைத்து விசாரித்து, பெற்றோரை வரவழைத்து, "பிள்ளையோட பேரு கெட்டுடும், நாங்க அவனை அனுப்பிடறோம்" என்று முடித்துவிடுகிறார். சட்டத்தின் பார்வையில் இந்தச் சங்கிலியின் மூவருமே கடமையில் தவறியவர்கள். மேலதிகாரியிடம் சொன்னதால் சமையல்காரம்மாவின் கடமையோ வார்டனின் கடமையோ தீர்ந்துவிடாது. தாளாளரின் பொறுப்பு இன்னும் கனமானது, ஏனெனில் காவலாளி அவருடைய ஊழியர். பெற்றோர் புகார் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாள் அவரைக் காப்பாற்றாது. குற்றம் உண்மையா என்று தீர்மானிப்பது காவல்துறையின் வேலை. நிறுவனத்தின் வேலை, சந்தேகம் எழுந்ததும் தகவல் தருவதும், அந்த ஊழியரைக் குழந்தைகளிடமிருந்து உடனே விலக்கி வைப்பதும்.

2013ஆம் ஆண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, பள்ளி, விடுதி, இல்லம், மருத்துவமனை ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் எந்த வழியில் தகவல் தெரியவந்தாலும் ரகசியம் காத்துக் காவல்துறைக்கு அறிவிக்க வேண்டும் என்றது. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் பழங்குடி மாணவியர் விடுதி ஒன்றில் 17 சிறுமியர் பாதிக்கப்பட்ட வழக்கில், அவர்களுக்குச் சிகிச்சை தந்தும் காவல்துறைக்குச் சொல்லவில்லை என்று மருத்துவர் ஒருவர் மீது வழக்குப் பதிவானது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 2 அன்று வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. தகவல் தராமலிருப்பது கடுமையான குற்றம் என்றும், உடனடித் தகவல் இல்லாவிட்டால் சட்டத்தின் நோக்கமே தோற்றுப்போகும் என்றும் அது கருதியது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்புகார்க் குழு இருக்கிறதே, அதுவே விசாரிக்கட்டும் என்று சில நிர்வாகங்கள் காத்திருப்பதுண்டு. அந்தக் குழு ஒழுங்கு நடவடிக்கைக்கான விசாரணையைத் தன் போக்கில் நடத்தலாம். பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால், காவல்துறைக்குத் தகவல் தரும் கடமைக்கு அது மாற்றாகாது.

புகாருக்குப் பிறகு

தகவல் கிடைத்ததும் காவல்துறை அதைப் பதிவு செய்து, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். குழந்தை இல்லத்தில் தங்கியிருந்து பெற்றோர் ஆதரவு இல்லாதது என்றால், அதே 24 மணி நேரத்தில் குழுவின் முன் நிறுத்த வேண்டும். குற்றம் நடந்த இடத்திலேயே அந்தக் குழந்தை தொடர்ந்து இருக்கக் கூடாது என்பதே இதன் நோக்கம். வழக்கு முடியும்வரை துணைநிற்க ஓர் உதவியாளரையும் குழு நியமிக்கலாம்.

குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்ய வேண்டும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சிறுமிக்கு மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவரே செய்ய வேண்டும். நீதிமன்றத்தில் குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. அது குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்கும்படி விடவும் கூடாது. வழக்கறிஞர்களின் கேள்விகள் நீதிபதி வழியாகவே குழந்தைக்குச் செல்லும். குழந்தையின் சாட்சியத்தை 30 நாளுக்குள் பதிவு செய்து, இயன்றவரை ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பது 35ஆவது பிரிவு. மருத்துவம், மறுவாழ்வு ஆகியவற்றுக்காக வழக்கு நடக்கும்போதே இடைக்கால இழப்பீட்டுக்கு நீதிமன்றம் உத்தரவிடலாம்.

குழந்தையின் பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். வாட்ஸ்அப் குழுவில் பள்ளியின் பெயரோடு செய்தியைப் பரப்பும் ஆசிரியரும் பெற்றோரும் இந்தத் தடையை மனத்தில் கொள்வது நல்லது.

எழுத்தில் இருக்க வேண்டிய கொள்கை

குழந்தைகளோடு பணிபுரியும் எல்லா அமைப்புகளும் ஏற்கும்படி, வன்முறையைச் சிறிதும் பொறுக்காத ஒரு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையை அரசுகள் வகுக்க வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. அதைத் தன் இடத்துக்கு ஏற்ப எழுதும் நிறுவனம் சில கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். குழந்தை யாரிடம் சொல்லலாம்? அவரே குற்றம் செய்தவர் என்றால் அடுத்து யார்? காவல் நிலையத்துக்கு யார், எத்தனை மணி நேரத்துக்குள் பேசுவார்? சுற்றுலாவிலும் போட்டிக்குச் செல்லும் வெளியூர்ப் பயணத்திலும் யார் யாரோடு தங்குவார்? ஆசிரியர் மாணவருக்குத் தனிப்பட்ட முறையில் செல்பேசிச் செய்தி அனுப்பலாமா? புகைப்படம் எடுக்க யாருக்கு அனுமதி?

வெளியே சொல்லும் வழியும் குழந்தைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண், தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கான 14417, அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி ஆகியவை அதற்கானவை. பெட்டியின் சாவி தலைமையாசிரியர் ஒருவரிடம் மட்டுமே இருந்தால், அவரைப் பற்றிய கடிதம் அதில் ஒருபோதும் விழாது.

சட்டம் இன்னும் எட்டாத இடங்கள்

டியூஷன் சென்டர், கோடை முகாம், வார இறுதி வகுப்பு ஆகியவற்றுக்குப் போக்சோ விதிகள் பொருந்தும். ஆனால் இல்லங்களுக்கு இருப்பது போன்ற கட்டாயப் பதிவும் காலாண்டு ஆய்வும் இவற்றுக்கு இல்லாததால், விதியைக் கடைப்பிடிக்கிறார்களா என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. தகவல் தந்த ஊழியரை நல்லெண்ணப் பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது. வேலை பறிபோவதிலிருந்து காக்கும் தனி ஏற்பாடு அதில் இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கும் ஆயாவும் சமையலரும் வாய் திறக்கத் தயங்குவதற்கு இதுவே பெரிய காரணம்.

கட்டாயத் தகவல் விதி சில இடங்களில் எதிர்விளைவையும் தருகிறது. மனம் ஒத்துப் பழகிய 17 வயதினரும் சட்டப்படி குழந்தைகளே என்பதால், கருவுற்ற சிறுமி மருத்துவமனைக்குப் போகவே அஞ்சும் நிலை உண்டு. அவளும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், காவல்துறைக்கு மருத்துவர் தரும் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் வெளியிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் கூறியது. ஆலோசகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இப்படிப்பட்ட தெளிவு தேவைப்படுகிறது.

மொத்தத்தில், ஒரு நிறுவனம் செய்ய வேண்டியவை சட்டத்தில் தெளிவாகவே இருக்கின்றன. பணியாளரைச் சரிபார்ப்பது, உரிய பதிவைப் பெறுவது, ஆய்வுக்குக் கதவைத் திறப்பது, சந்தேகம் எழுந்ததும் தகவல் தருவது, குழந்தையின் அடையாளத்தைக் காப்பது ஆகியவை அவை. இவற்றில் எதையும் செய்யத் தனி நிதியோ புதிய துறையோ தேவையில்லை. எந்த நிர்வாகமும் தன் நற்பெயரைவிடக் குழந்தையை முன்னால் வைத்தால், இருக்கும் சட்டமே பெரும்பாலான குழந்தைகளைக் காக்கப் போதுமானது.